கீழ்வீட்டுச் சத்தம்

இந்தத் தடவையும் கிட்டார்காரனின் முழங்கைதான் சிக்கியது. பல்லுக்காரர் டிவிக்கு முன்னால் தரையில் மண்டிபோட்டு உட்கார்ந்து, ரிமோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, படத்தை மறுபடி கொஞ்சம் பின்னால் ஓட்டினார். புகை, நீல வெளிச்சம், மேடை. கிட்டார்காரன் தலைமுடியைச் சிலுப்பிக்கொண்டு ஓரமாக நகர்கிறான். அவன் விட்ட இடைவெளியில், டிரம்ஸுக்குப் பக்கத்தில், வயலட் சட்டை போட்டுக்கொண்டு அவருடைய மனைவி நிற்கிறாள். பட்டனை அழுத்துகிறார். படம் நிற்பதற்குள் அவன் திரும்பி வந்து அவளை மறைத்துவிடுகிறான்.

"கிடைச்சுதாப்பா?" என்று மகள் சமையலறையிலிருந்து கேட்டாள்.

"வந்துக்கிட்டே இருக்கா," என்றார்.

கிட்டாரோடு அம்மா நிற்கிற மாதிரி ஒரு போட்டோ வேண்டும், பெரிதாக்கி அஞ்சலிக் கூடத்தில் வைக்கலாம் என்று மகள்தான் கேட்டிருந்தாள். வீட்டில் இருந்த போட்டோக்களில் எல்லாம் அவள் கல்யாண வீடுகளில் யாருக்கோ பின்னால் நின்றாள், இல்லாவிட்டால் கையில் காய்கறிப் பையோடு கண்ணைச் சுருக்கிக்கொண்டு "இப்ப எதுக்கு?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கச்சேரிப் படத்தில் பார்த்துக்கொள்ளலாம், அதில் இருக்கிறாள் என்று அவர் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் எவ்வளவு இருக்கிறாள் என்பது தெரிந்தது.

நேற்று மதியம் துணி மடித்துக்கொண்டிருந்தவள், ஒரு தலையணை உறையைப் பாதி மடித்த கையோடு சோபாவில் சாய்ந்தாள். அவ்வளவுதான். இதயம் என்றார் டாக்டர். பல்லுக்காரர் "சரி" என்றார். அதிலிருந்து எல்லாவற்றுக்கும் சரிதான். இன்று மாலை எடுத்துவிடலாமா என்றார்கள், சரி. பெட்டி இந்த நிறத்தில் இருந்தால் போதுமா என்றார்கள், சரி. காலையில் கூடத்திலிருந்து போன் செய்து, வாயில் கழற்றக்கூடிய செயற்கைப் பல் ஏதாவது உண்டா என்று கேட்டபோது மட்டும் அவர் சற்று நிதானித்தார். மேல் வரிசையில் இடது பக்கம், உறை மாதிரி கேப் மாட்டிய பல் ஒன்று உண்டு. பல் செய்கிற அவருடைய பட்டறையில் அவரே செய்தது. பக்கத்துப் பல்லின் நிறம் வருகிறவரை அதைச் சூளையில் வைத்து எடுத்து, வைத்து எடுத்து, அவளையும் வெளிச்சத்தில் வாயைத் திறந்தபடி உட்காரவைத்துப் பாடாய்ப் படுத்தியிருந்தார்.

"கழற்ற முடியாது," என்றார். "அது அவளோட பல்லுதான்."

ஊருக்கெல்லாம் பல் செட்டு செய்கிறவர் என்பதால், அவளுடைய இசைக்குழுவில்தான் அவருக்கு முதலில் பல்லுக்காரர் என்று பெயர் வைத்தார்கள். பிறகு வீட்டிலும் தெருவிலும் அதுவே நின்றுவிட்டது. அவளுக்கு அந்தக் குழுவில் பெயர் கீழ்வீடு. பாட்டுக்கு அடியில் தடித்த சத்தமாக ஓடுகிற பேஸ் கிட்டாரை வாசிப்பவள். மற்ற வாத்தியங்கள் எல்லாம் மாடியில் குடியிருக்கின்றன, இவள் கீழே இருந்து தாங்குகிறாள் என்று டிரம்மர் வைத்த பெயர் அது. அவர்கள் வாசித்தது புரோகிரசிவ் ராக். ஒரு பாட்டு ஆரம்பித்தால் லேசில் முடியாது. நடுவில் தாளம் மாறும், அதற்கேற்பக் கேட்பவர்களின் முகமும் மாறும். ஒரு பாட்டு முடிவதற்குள் ஒரு பல் செட்டையே மெருகேற்றிவிடலாம் என்று பல்லுக்காரர் சொல்வார். சும்மா சொன்னதில்லை, செய்தும் காட்டியிருக்கிறார்.

அந்தக் குழு புகழோடு இருந்த கொஞ்ச காலத்தில், ஒரே ஒரு பெரிய கச்சேரியைப் பதிவு செய்தார்கள். ஒரே இரவு, ஒரே மேடை. அதிலிருந்து ஒரு படம் வந்தது, ஒரு லைவ் ஆல்பமும் வந்தது. இரண்டில் எது உசத்தி என்பதுதான் கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் நடந்த சண்டை. வேறு வீடுகளில் நகைக்கும் நாத்தனாருக்கும் போட்டுக்கொள்கிற சண்டையை இவர்கள் இதற்குப் போட்டார்கள்.

அவர் படத்தின் கட்சி. பாடுகிறவனுக்கு அன்றைக்குத் தொண்டை கட்டியிருந்தது. படத்தில் அந்தக் கரகரப்பு அப்படியே இருக்கும். ஆல்பத்துக்காக அவன் பிறகு ஸ்டுடியோவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் திரும்பப் பாடி ஒட்டியிருந்தான்.

"எது நிஜம் நீயே சொல்லு," என்பார். "தொண்ட கட்டினவன் தேன் குடிச்ச மாதிரி பாடறான். இதுக்குப் பேரு லைவா?"

"யோவ், பொய்யாவே இருக்கட்டும். அதுல நான் இருக்கேன்ல? படத்துல நான் எங்க இருக்கேன்?"

"அந்த வயலட் சட்ட..."

"சட்ட இருக்கு. நான் எங்க? அந்தக் கேமராக்காரன் அவன் முடியையே புடிச்சுக்கிட்டிருக்கான். ஆல்பத்துல மொதல்லேர்ந்து கடைசி வரைக்கும் நான் இருக்கேன். கொஞ்சம் நான் நகர்ந்தேன்னு வையி, மேல இருக்கற அத்தன பேரும் தொபுக்குனு விழுவாங்க."

"விழட்டும். உன் சத்தம் என் காதுல விழலையே."

"காதா அது? பல்லு ராவுற மெஷினக் கேட்டுக் கேட்டு அது எப்பவோ போயாச்சு."

உண்மையில் அவருக்குக் கேட்டதே இல்லை. அவள் அறையில் தனியாக உட்கார்ந்து வாசித்தால் கேட்கும். நாலு பேரோடு சேர்ந்துவிட்டால் சாம்பாரில் உப்பைத் தேடுகிற கதைதான். இருக்கிறது என்று தெரியும். எது என்று எடுத்துக் காட்ட முடியாது. அவளும் ஆரம்பத்தில் பக்கத்தில் உட்கார்ந்து "இதோ, இதோ" என்று சொல்லிப் பார்த்தாள். பிறகு, "போய்யா, நீ பல்லப் பாரு," என்று விட்டுவிட்டாள். கோபம் எல்லாம் இல்லை. அவளுடைய உண்மையான கோபம் அந்தப் படத்தின் டைரக்டர் மேல்தான். கச்சேரியின் கடைசிப் பாட்டில், நடுவே எல்லாரும் நிறுத்திவிட, டிரம்ஸின் சிம்பல் தட்டில் மட்டும் லேசாக டிக் டிக் என்று கணக்குப் போக, அவள் தனியாக வாசிக்கிற பகுதி ஒன்று உண்டு. ஒரு பெண் அசையாமல் நின்றுகொண்டு கம்பியைத் தடவுவதை யார் பார்ப்பார்கள் என்று அந்த மகராசன் அதை அப்படியே வெட்டிவிட்டான். படத்தில் கிட்டார்காரன் குதிப்பான், தரையில் கால் படுவதற்குள் பாட்டின் கடைசிப் பகுதி வந்துவிடும். ஆல்பத்தில் அது முழுசாக இருந்தது. அந்தப் பகுதியைப் பல்லுக்காரர் எப்போதோ கேட்டது.

மகள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து டிவியைப் பார்த்தாள். திரையில் முழங்கைக்குக் கீழே கால்வாசி வயலட் தெரிந்தது.

"விடுங்கப்பா. காய்கறிப் பையோட இருக்கறதையே வச்சுக்கலாம். பைய வெட்டிடச் சொல்றேன்."

"சரி," என்றார். எழுந்திருக்கும்போது முட்டி வலித்தது. அந்த வலிகூட யாருக்கோ வலிக்கிற மாதிரி இருந்தது.

டிரம்மர் வந்தபோது வாசலில் ரொட்டி வாசனையும் கூடவே வந்தது. அவர் இப்போது ஒரு பேக்கரிக்கு வேன் ஓட்டுகிறார். வழுக்கை விழுந்துவிட்டது, கை மட்டும் இன்னும் சும்மா இருப்பதில்லை. நிலைப்படியில் ஒரு தட்டு, நாற்காலி முதுகில் ஒரு தட்டு. உள்ளே வந்து பல்லுக்காரரின் தோளில் கையை வைத்தார், அங்கேயும் விரல்கள் லேசாகத் தட்டிக்கொண்டிருந்தன. அழுதிருந்தார் என்று தெரிந்தது. ஆறுதல் வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை. நல்ல மனிதர்.

"அங்க எதாவது போடணும்ல?" என்றார். "கடைசிப் பாட்டு போடலாம். அவங்களுக்குப் பிடிச்சது."

"படத்தப் போடலாம்," என்றார் பல்லுக்காரர். "கூடத்துல டிவி இருக்காம்."

மகளும் டிரம்மரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்பா, அந்தப் படத்தப் போட்டீங்கன்னா அம்மா எந்திரிச்சு வெளிய போயிடுவாங்க."

அது சிரிப்பு மூட்டுகிற பேச்சுதான். மூன்று பேருக்கும் சிரிப்பு வரவில்லை, அழுகையும் வரவில்லை. மகள் சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"ஆல்பமே போடுங்க," என்றார் பல்லுக்காரர்.

சொல்லிவிட்டார், ஆனால் உள்ளுக்குள் ஒரு பயம் பிடித்துக்கொண்டது. நேற்றிலிருந்து அவருக்கு வந்த முதல் உணர்ச்சியே அதுதான். படத்தில் என்றால் அரைகுறையாகவாவது அவளைப் பார்த்துவிடலாம். ஆல்பத்தில் அவர் எங்கே போய்த் தேடுவார்? மாலையில் பெட்டியை மூடிவிடுவார்கள். அதன் பிறகு கேட்டு என்ன, கேட்காமல் என்ன? அவள் அங்கே இருக்கும்போதே, அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தடவையாவது அவளைக் கேட்டுவிட வேண்டும். இத்தனை வருஷம் வேடிக்கையாக இருந்த விஷயம் இப்போது வேடிக்கையாக இல்லை.

மகளும் மாப்பிள்ளையும் பூவையும் போட்டோவையும் எடுத்துக்கொண்டு காரில் முன்னால் போனார்கள். பல்லுக்காரர் டிரம்மரின் வேனில் ஏறிக்கொண்டார். பின்னால் காலித் தட்டுகள் கலகலத்தன. வேன் பழையதுதான், ஆனால் டிரம்மர் அதற்குள் இரண்டு பெரிய ஸ்பீக்கர்களைப் பொருத்தியிருந்தார். சீட்டுக்கு அடியிலும் ஒன்று இருந்தது. ரொட்டி சின்னதாகப் போனாலும் பரவாயில்லை, பாட்டு சின்னதாகப் போகக் கூடாது என்பது அவருடைய கொள்கை.

"அந்தக் கடைசிப் பாட்டப் போடுங்க," என்றார் பல்லுக்காரர். "அவ எங்க இருக்கான்னு எனக்குக் காட்டுங்க."

டிரம்மர் திரும்பிப் பார்த்தார். "இத்தன வருஷமா கேக்கலையா?"

"கேக்கல. அவளுக்கும் தெரியும்."

டிரம்மர் பாட்டைப் போட்டார். முதலில் கூட்டத்தின் கைதட்டல், பிறகு கீபோர்டு, பிறகு எல்லாமே ஒரேயடியாக வந்து இறங்கியது. பல்லுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு தேடினார். கிட்டார் கேட்டது. டிரம்ஸ் கேட்டது. தேன் குடித்த தொண்டை கேட்டது. டிரம்மர் ஸ்டியரிங்கில் ஒரு கையை வைத்துக்கொண்டு, மறு கையால் பல்லுக்காரரின் முட்டியில் தட்டிக் காட்டினார். "தூம்... தூதும்... இப்ப ஏறுது பாருங்க... இப்ப எறங்குது."

"ம்," என்றார்.

"வருதா?"

"நீங்க தட்டறது வருது."

சிக்னலில் வண்டி நின்றது. பக்கத்து வண்டியில் ஒரு பெண் போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். நடைபாதையில் ஒருவர் கண்ணாடிக் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஊர் தன் பாட்டுக்கு இருந்தது.

"தேடாதீங்க," என்றார் டிரம்மர். "தேடுனா அவங்க சிக்க மாட்டாங்க. நானே மேடையில அவங்களக் கேட்டதில்ல. அவங்க சத்தத்து மேல உக்காந்து வாசிச்சேன், அவ்வளவுதான். நீங்க பாட்டுக்கு மத்தவங்களக் கேளுங்க."

அவர் மற்றவர்களைக் கேட்டார். பாட்டு சீட்டுக்கு அடியிலிருந்து முதுகுக்குள் வந்துகொண்டிருந்தது. அவள் எங்கே என்று தெரியவில்லை. கிட்டார்காரன் உச்சத்துக்குப் போகிற இடம் வருவதற்குள் கூடம் வந்துவிட்டது. டிரம்மர் சாவியைத் திருப்பினார், எல்லாம் அடங்கியது.

அஞ்சலிக் கூடம் சுத்தமாக, வெள்ளையாக, ஏதோ அலுவலகத்தில் காத்திருக்கும் அறை மாதிரி இருந்தது. வரிசையாக நாற்காலிகள், முன்னால் மேடை, மேடைமேல் பெட்டி. பெட்டி திறந்திருந்தது. பக்கத்தில் போட்டோ. பையை வெட்டிவிட்டார்கள், ஆனால் பை தூக்கியதால் ஒரு தோள் இறங்கியிருந்ததை வெட்ட முடியவில்லை. பல்லுக்காரர் பெட்டிக்கு அருகே போய் நின்றார். வாயை ஒழுங்காக மூடியிருந்தார்கள். அவர் செய்த பல் தெரியவில்லை. போய் முதல் வரிசையில் உட்கார்ந்தார்.

தெருக்காரர்கள், அவளிடம் கிட்டார் படித்த இரண்டு பெண்கள், பட்டறையிலிருந்து வந்தவர்கள் என்று முக்கால்வாசி நாற்காலிகள் நிறைந்தன. பக்கத்து வீட்டம்மா கையில் வெள்ளைப் பூக்களோடு வந்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். யாரோ இரண்டு வார்த்தை பேசினார்கள். பிறகு மாப்பிள்ளை தன் போனைக் கூடத்து இணைப்பில் மாட்டினார். கூரையில் அங்கங்கே பதித்திருந்த வட்டமான சின்ன ஸ்பீக்கர்களிலிருந்து கைதட்டல் வந்தது.

கீபோர்டு வந்தது. பிறகு எல்லாரும் வந்து இறங்கினார்கள்.

இறங்கவில்லை. பல்லுக்காரருக்கு அப்படித்தான் பட்டது. மேலேயே நின்றுகொண்டிருந்தார்கள். கிட்டார் இருந்தது, பாட்டு இருந்தது, டிரம்ஸின் தகதகப்பு இருந்தது, ஆனால் எதற்கும் கால் இல்லை. வேனில் முதுகுக்குள் வந்துகொண்டிருந்த ஏதோ ஒன்று இங்கே வரவில்லை. அவர் நாற்காலியில் சற்று முன்னால் நகர்ந்தார். காதைத் திருப்பி வைத்துப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். எந்த இடத்தில் அது வர வேண்டும், எந்த இடத்தில் ஏற வேண்டும், எங்கே இறங்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. அந்த இடங்கள் எல்லாம் வெறுமையாகப் போய்க்கொண்டிருந்தன.

"அவ எங்க?" என்றார்.

சத்தமாகவே கேட்டுவிட்டார் போலிருக்கிறது. பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா... அம்மா இதோ இங்கதான் இருக்காங்கப்பா."

"இங்க இல்லம்மா. அங்க." கூரையைக் காட்டினார். "பாட்டுல எங்க காணோம்?"

மகள் அவர் முதுகைத் தடவிவிட்டு அழ ஆரம்பித்தாள். அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த டிரம்மர் மட்டும் தலையை நிமிர்த்தி ஸ்பீக்கரைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். அவருடைய விரல்கள் தட்டுவதை நிறுத்தின.

"அடப்பாவி," என்றார் தனக்குத்தானே. "இது வெறும் அறிவிப்பு சொல்றதுக்குப் போட்ட ஸ்பீக்கர். தகரடப்பா. இதுல அடிச் சத்தம் வராது. அவங்க வர மாட்டாங்க."

"மத்தவங்கல்லாம் வர்றாங்களே."

"எல்லாரும் வருவாங்க. கீழ்வீடு மட்டும் வராது." அவர் திரும்பிப் பல்லுக்காரரை முழுசாகப் பார்த்தார். "உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"தெரியல. வண்டியில இருந்தா. இப்ப இல்ல."

நேற்று மதியத்திலிருந்து எத்தனையோ பேர் எத்தனையோ விதமாக அவரிடம் சொல்லியிருந்தார்கள். டாக்டர் சொன்னார். மகள் சொல்லிச் சொல்லி அழுதாள். போனில் ஒவ்வொருவருக்கும் அவரே தன் வாயால் சொன்னார். அப்போதெல்லாம் அது செய்தியாகத்தான் இருந்தது. இந்தத் தகரச் சத்தத்துக்கு நடுவில்தான் அவருக்கு அது வலித்தது. தாங்க முடியாமல் வலித்தது.

"வேன்ல இருக்கறதக் கழட்டிட்டு வந்துடட்டுமா?" என்றார் டிரம்மர். பாதி எழுந்துவிட்டார். வாசலில் நின்றிருந்த கூடத்து ஆள், நேரமாகிறது என்பதற்கு அடையாளமாகக் கைகளைக் கட்டிக்கொண்டு ஓரமாக ஒதுங்கினான். வெளியே பெட்டியை ஏற்றிப் போகிற கறுப்பு வண்டியை ஸ்டார்ட் செய்து வைத்திருந்தார்கள். அடுத்த குடும்பம் நடைபாதையில் காத்திருந்தது.

"வேணாம். ஓடட்டும். உக்காருங்க."

கிட்டார்காரன் உச்சத்துக்குப் போனான். படத்தில் அவன் குதிக்கிற இடம் அது. பல்லுக்காரர் பழக்கத்தில் கடைசிப் பகுதிக்காகக் காத்திருந்தார். அது வரவில்லை. எல்லாம் ஒரேயடியாக நின்றது. கூரையிலிருந்து சிம்பல் மட்டும் டிக், டிக் என்று, காதில் விழுந்தும் விழாமலும் வந்துகொண்டிருந்தது.

முடிந்துவிட்டது என்று எல்லாரும் நினைத்தார்கள். அப்படித்தான் நினைக்க முடியும். நாற்காலிகள் நகர்ந்தன. பட்டறைக்காரர்கள் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். யாரோ இருமினார்கள். இரண்டு பேர் உள்ளே வந்து, பெட்டியை மூடுவதற்காகச் சுவரில் சாய்த்திருந்த மூடியைத் தூக்கினார்கள். மாப்பிள்ளை போனைக் கழற்றுவதற்குக் கையை நீட்டினார்.

"மாப்ள, இருங்க," என்றார் பல்லுக்காரர்.

"முடிஞ்சிருச்சு மாமா. சிக்கிக்கிச்சு போலிருக்கு, வெறும் டிக் டிக்னு..."

"முடியல. அவ வாசிச்சிக்கிட்டிருக்கா."

மாப்பிள்ளை மகளைப் பார்த்தார். மகள் டிரம்மரைப் பார்த்தாள். டிரம்மர் கண்ணை மூடிக்கொண்டு, ஆமாம் என்று தலையசைத்தார். அவருடைய வலது கை மடியில் அந்த டிக் டிக்கோடு மறுபடி தட்ட ஆரம்பித்திருந்தது. மாப்பிள்ளை கையை எடுத்துக்கொண்டார்.

பல்லுக்காரர் தலையைக் கொஞ்சம் சாய்த்தார். வாசல் பக்கத்திலிருந்து ஏதோ இடைஞ்சல் செய்துகொண்டிருந்தது.

"அந்த வண்டிய அணைக்கச் சொல்லுங்க மாப்ள. எதுவும் கேக்க மாட்டேங்குது."

மாப்பிள்ளை வெளியே போனார். மூடியைத் தூக்கியவர்கள் அதைத் திரும்பச் சுவரில் சாய்த்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றார்கள். வண்டியின் உறுமல் நின்றது. பூவைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்த பக்கத்து வீட்டம்மா, சத்தம் வராமல் நாற்காலியை இழுத்து மறுபடி உட்கார்ந்தாள்.